கோல் கைமாறும் இடம்: படுவான்கரைப் பாடசாலையொன்றின் அஞ்சலோட்ட அணி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள ஒரு கலவன் பாடசாலையின் 16 வயதுக்குட்பட்ட ஆண்கள் அஞ்சலோட்ட அணியில், மாணவர்களை நிறங்களால் அறியப்படும் இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல மெய்வல்லுநர் திறனாய்வுப் போட்டிக்கும் கல்வி வலய மட்டப் போட்டிக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்தவற்றை இந்நிகழ்வு ஆய்வு பதிவுசெய்கிறது. பாடசாலையின் பெயரும் சம்பந்தப்பட்டோரின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. இரு பிரதான மாணவர்களும் அவரவர் இல்லத்தின் நிறத்தாலேயே குறிப்பிடப்படுகின்றனர். உடற்கல்வி ஆசிரியருக்கு மாலைநேரப் பயிற்சிகளில் துணைநின்றவன் என்ற வகையில் நேரில் கண்டவற்றையும், இல்லப் பொறுப்பாசிரியர்களும் பெற்றோரும் சொன்னவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன்.

இல்லப் போட்டி எங்கள் பகுதியில் பாடசாலைக்குள் அடங்கிவிடும் காரியமன்று. இல்லக் கூடாரச் சோடனைக்குக் கடன் வாங்கியும் செலவழிப்பார்கள். அணிநடைக்கு உடுப்புத் தைப்பார்கள். தகப்பன் சிவப்பு இல்லம் என்றால் மகனையும் சிவப்பிலேயே சேர்க்க வேண்டும் என்று அதிபரிடம் வந்து நிற்பார்கள். அன்றைய நாளின் கடைசி நிகழ்ச்சி அஞ்சலோட்டம். இப்பாடசாலையில் அதற்கு இரட்டைப் புள்ளி வழங்கப்படுவதால், அதற்கு முந்திய அத்தனை நிகழ்ச்சிகளின் முடிவையும் அது ஒன்றே புரட்டிவிடக்கூடும். வாடைக்கால மழை முடிந்து மைதானத்தில் நின்ற வெள்ளம் வற்றுவதற்குத் தை மாதமும் பாதி கழிந்துவிடும் என்பதால், பிள்ளைகள் ஒழுங்கான பயிற்சி ஏதுமின்றியே போட்டிக்கு வந்து சேருகின்றனர். உடல் ஆயத்தமாகும் முன்னரே கட்சி ஆயத்தமாகிவிடுகிறது.

சிவப்பு இல்ல மாணவனும் நீல இல்ல மாணவனும் பத்தாம் தரத்தில் ஒரே வகுப்பில் கற்றவர்கள். இருவருக்கும் வயது 15. சிவப்பு மாணவன் குட்டையான, விரைவாகக் கால்மாற்றும் 100 மீற்றர் ஓட்டக்காரன். நீல மாணவன் ஒரு வருடத்துக்குள் வெகுவாக உயர்ந்தவன். நீளம் பாய்தலிலும் முப்பாய்ச்சலிலும் மாகாண மட்டம் வரை போவான் என்று பலரும் எதிர்பார்த்தவன். முந்திய ஆண்டில் இருவரும் ஒரே சைக்கிளில் பயிற்சிக்கு வந்ததாக உடற்கல்வி ஆசிரியர் சொன்னார்.

இல்லப் போட்டி நாளில் நடந்தது

அஞ்சலோட்டத்துக்கு முன்னர் நீல இல்லம் சொற்பப் புள்ளிகளால் முன்னணியில் நின்றது. மூன்றாவது கோல் மாற்றத்தில் சிவப்பு இல்லத்தின் கோல் நிலத்தில் விழுந்தது. பக்கத்துச் சுவட்டில் நின்ற நீல மாணவன் புறப்படும்போது கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததால் தமது ஓட்டக்காரன் தடுமாறினான் என்பது சிவப்பு இல்லத்தின் குற்றச்சாட்டு. அவ்விடத்தில் நின்ற நடுவர் அப்படி எதையும் காணவில்லை என்றார். விழுந்த கோலைத் தவறவிட்டவரே எடுத்துக்கொண்டு, பிறருக்கு இடையூறின்றித் தொடர்ந்து ஓடலாம் என்பது விதி. ஆனால் கடைசிச் சுற்றாளனான சிவப்பு மாணவன் கோல் கைக்கு வருவதற்கு முன்னரே ஓட்டத்தைக் கைவிட்டு, தலையில் கைவைத்துச் சுவட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். நீல இல்லம் வென்றது. கேடயமும் அதற்கே போனது.

பின்னர் நடந்தவற்றில் மாணவர்களின் பங்கை விடப் பெரியவர்களின் பங்கு அதிகம். பழைய மாணவர்கள் சிலர் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் புகுந்தனர். மேசையில் இருந்த புள்ளிப் பதிவேட்டை ஒருவர் இழுத்தார். நீல இல்லக் கூடாரத்தின் சோடனையில் ஒரு பகுதி கிழிக்கப்பட்டது. தள்ளுமுள்ளில் நீல மாணவனின் தமையன் சிவப்பு மாணவனின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். ஆட்சேபனையை யார், யாரிடம், எந்த நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கிருந்த எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. முடிவு அறிவிக்கப்பட்ட 30 நிமிடங்களுக்குள் மத்தியஸ்தரிடம் வாய்மொழியாகவும், அவரது தீர்ப்பை ஏற்காவிடின் மேன்முறையீட்டுக் குழுவிடம் எழுத்திலும் தெரிவிப்பதே உலக மெய்வல்லுநர் விதிகள் வகுத்துள்ள முறை. அந்த நடைமுறை இருந்திருந்தால் தள்ளுமுள்ளு நிச்சயம் நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்துக்குப் போய்ச்சேர ஓர் இடமாவது இருந்திருக்கும்.

அன்றிரவே சிவப்பு மாணவன் உட்கார்ந்த காட்சியை யாரோ மெதுவோட்டமாக்கி, ஒரு சோகப் பாட்டையும் சேர்த்து வட்ஸ்அப் குழுக்களில் போட்டனர். அது முகநூலுக்கும் ஏறியது. பின்னூட்டம் எழுதியவர்களுள் பிள்ளைகளைப் பெற்றவர்களும் இருந்தனர். தனக்கு வலித்தது தோல்வி அன்று, அந்தக் காணொளியே என்று அம்மாணவன் பல வாரங்கள் கழித்துச் சொன்னான்.

அடுத்து வந்த பயிற்சிகளில் அவதானிக்கப்பட்டவை

வலயப் போட்டிக்கான பாடசாலை அணியில் இருவருமே இடம்பெற்றாக வேண்டியிருந்தது. நீல மாணவன் வளைவில் ஓடும் மூன்றாம் சுற்றாளன். சிவப்பு மாணவன் கடைசிச் சுற்றாளன். அதாவது ஒருவன் கையிலிருந்து மற்றவன் கைக்கே கோல் போக வேண்டும்.

கோல் மாற்றத்தில் கோலைப் பெறுபவர் திரும்பிப் பார்ப்பதில்லை. தாம் நிற்கும் இடத்துக்குப் பின்னே, தம் பாதத்தால் அளந்து நிலத்தில் ஓர் அடையாளம் இடுகிறார், கோலுடன் வருபவர் அந்த அடையாளத்தைத் தொட்டதும் முழுவேகத்தில் புறப்படுகிறார், ‘கை!’ என்ற குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்டுகிறார். 2018ஆம் ஆண்டுப் பருவகாலம் முதல் 30 மீற்றராக உள்ள மாற்று வலயத்துக்குள் கோல் கைமாறிவிட வேண்டும். கணக்கில் எடுக்கப்படுவது ஓட்டக்காரரின் உடல் நிற்கும் இடமன்று, கோல் இருக்கும் இடம்.

முதலிரு மாற்றங்களும் சுமாராக அமைந்தன. மூன்றாவதில் சிவப்பு மாணவன் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தான். அடையாளத்தில் வருபவனின் கால் படும்போது அவன் புறப்படவில்லை. மேலும் இரண்டு மூன்று எட்டுகள் நெருங்கிய பின்னரே அசைந்தான். நீட்டிய கையும் நிலையாக நிற்கவில்லை. விரல்கள் மூடித் திறந்தன. நீல மாணவனோ ‘கை’ என்று குரல் கொடுப்பதையே விட்டுவிட்டு, எட்டிப் பிடித்துக் கோலை அவன் உள்ளங்கையில் அடித்துத் திணித்தான். இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட விஷயம் விளங்கியது.

உடற்கல்வி ஆசிரியர் ஒரு கணக்குப் போட்டார். நால்வரும் தனித்தனியே 100 மீற்றர் ஓடிய நேரங்களைக் கூட்டி, அத்தொகையிலிருந்து அஞ்சலோட்ட நேரத்தைக் கழித்தார். மூவர் நின்ற நிலையிலிருந்தன்றி ஓடிக்கொண்டே கோலைப் பெறுவதால், நன்கு பழகிய அணியில் இவ்வேறுபாடு 2 செக்கன்களையும் தாண்டும். எமது அணிக்கு அரைச் செக்கனும் தேறவில்லை.

அதே நாட்களில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 100 மீற்றர் புறப்பாட்டுப் பயிற்சியில் ‘ஒன் யுவர் மார்க்’ கட்டளைக்குப் பின்னங்காலின் முழங்கால் நிலத்தில் படிய வேண்டும். நீல மாணவன் ஒவ்வொரு முறையும் தன் செருப்பை எடுத்து முழங்காலுக்குக் கீழே வைத்தான். நிலம் சுடுகிறது என்று காரணம் சொன்னான். ஆனால் அப்போது வெயில் தணிந்திருந்தது. நீளக் காற்சட்டையை மடித்துப் பார்த்தபோது முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்திருந்தது. அதைச் சுற்றித் துணிப்பட்டி இறுகக் கட்டப்பட்டிருந்தது. இல்லப் போட்டிக்கு முன்பிருந்தே வலி இருந்திருக்கிறது. சொன்னால் அஞ்சலோட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள், எடுத்தால் இல்லம் தோற்கும், தோற்றால் தமையன் முகத்தில் விழிக்க முடியாது என்பதே அவன் மறைத்த காரணம்.

போட்டியைக் கைவிடுவதா என்ற கேள்வி

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் முன்வைக்கப்பட்டன. இல்லப் போட்டியை ஓரிரு ஆண்டுகளுக்கு நிறுத்திவைப்பது ஒன்று. போட்டியை நடத்தினாலும் புள்ளி எண்ணாமல் எல்லோருக்கும் ஒரே வகைச் சான்றிதழ் வழங்குவது மற்றொன்று. அதிபர் முதலாவது யோசனையின் பக்கம் சாய்ந்திருந்தார். அவருடைய நிலையில் அது நியாயமானதே. மீண்டும் ஏதேனும் நடந்தால் வலயக் கல்விப் பணிமனைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

அங்கே எழுந்து பேசிய முதியவர் ஒருவர் கொம்புமுறியை நினைவூட்டினார். கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த அந்த விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, கொம்புகளைக் கொளுவி இழுக்கும். எந்தக் குடும்பம் எந்தச் சேரி என்பது தலைமுறையாக வருவது. வென்றவர்கள் தோற்றவர்களை வசைபாடுவதும் உண்டு. “ஏச்சுக்கும் அளவு இருந்தது. எங்க தொடங்கணும், எங்க முடிக்கணும் எண்டு எல்லாருக்கும் தெரியும். மறுகா எல்லாரும் ஒரே கோயில் முன்னுக்குத்தான் நிண்டாங்க,” என்றார். பழையவற்றைப் பொன்னாக்கிப் பேசுவது முதியோர் வழக்கம். கொம்புமுறியிலும் சண்டைகள் வந்திருக்கும். ஆயினும் அவர் தொட்ட இடம் சரியானது. இரு கட்சியாகப் பிரிந்து மோதுவது எமக்குப் புதிதன்று. எல்லை வகுக்காமல் மோதவிடுவதே புதிது.

புள்ளியே எண்ணாத போட்டி என்ற யோசனையை உடற்கல்வி ஆசிரியர் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. 15 வயதுப் பிள்ளைக்கு யார் முந்தியது என்பது தெரியும். அதைப் பெரியவர்கள் அறிவிக்காவிட்டால் மைதானத்துக்கு வெளியே அவர்களே அறிவித்துக்கொள்வார்கள். மேலும், தோல்வியைச் சந்திக்காத பிள்ளைக்கு அதைத் தாங்கப் பழக்குவது எப்படி? போட்டி இருக்கட்டும், போட்டியிடப் பழக்குவதும் பயிற்சியின் ஒரு பகுதியாகட்டும் என்ற முடிவு நீண்ட விவாதத்தின் பின் ஏற்கப்பட்டது. அடுத்த பருவத்தில் குழப்பம் திரும்பினால் நிறுத்திவிடுவதாக அதிபர் நிபந்தனை விதித்தார்.

எடுக்கப்பட்ட தீர்மானங்களும் காரணங்களும்

முதலில் தீர்க்க வேண்டியிருந்தது ஓட்ட வரிசை. இருவரையும் பிரித்து, நீல மாணவனை முதலாவதாக ஓடவிட்டால் சிக்கல் மறைந்துவிடும் என்று இல்லப் பொறுப்பாசிரியர் ஒருவர் கூறினார். மறைந்துவிடும் என்பதே அதை மறுப்பதற்கும் காரணமாயிற்று. வளைவில் ஓட நீல மாணவனும், நேரோட்டத்தில் முடிக்கச் சிவப்பு மாணவனும் பொருத்தமானவர்கள், வரிசை மாற்றப்படவில்லை.

மாறாக, பயிற்சியில் அவர்களது பங்கு மாற்றப்பட்டது. ஒரு நாள் சிவப்பு மாணவன் கோலைக் கொண்டுவந்து நீல மாணவனுக்குக் கொடுத்தான், மறுநாள் முறைப்படி. கோலைப் பெறுபவன் என்ன படுகிறான் என்பதைக் கொடுப்பவனும், கொடுப்பவனின் மூச்சிரைப்பைப் பெறுபவனும் அறிய வேண்டும் என்பதே நோக்கம். நிலத்து அடையாளத்தை ஒருவன் பாதத்தால் அளக்க, மற்றவன் சுண்ணாம்பு இட்டான். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் அவர்கள் பேசியே ஆகவேண்டும். ஆனால் அடையாளத்தைப் பற்றி மட்டுமே பேசலாம் என்பது விதி. “ஓரடி முன்னுக்கு,” “அரையடி பின்னுக்கு,” இவ்வளவுதான். “நீ பிந்திப்போட்டாய்” என்பதற்கு இடமில்லை. தொடக்கத்தில் இது சிரிப்புக்கிடமாக இருந்தது. இரண்டு கோபக்காரப் பையன்கள் முகத்தை வேறு திசையில் வைத்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் கோடு நகர நகர மாற்றம் சீர்ப்பட்டது. சீர்ப்பட்டதை இருவருமே கையில் உணர்ந்தனர். நட்பாக இருங்கள் என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது பலித்திராது என்பது என் எண்ணம்.

இரண்டாவதாக, அணியின் அளவுகோல் மாற்றப்பட்டது. கழித்தல் கணக்கின் விடை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வகுப்பறைக் கரும்பலகையில் எழுதப்பட்டது. இதைப் புரியவைக்க, 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் அஞ்சலோட்ட இறுதிப் போட்டி கைபேசியில் காட்டப்பட்டது. அன்றுவரை 100 மீற்றரை 10 செக்கன்களுக்குள் ஓடியிராத நால்வரைக் கொண்ட ஜப்பான் அணி, 37.60 செக்கன்களில் ஜமெய்க்காவுக்கு அடுத்ததாக வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றது. தனித்தனியே அவர்களைவிட வேகமானவர்களைக் கொண்ட அமெரிக்க அணி, வலயத்துக்கு வெளியே கோல் மாற்றியதால் தகுதியிழந்தது. பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஜப்பானியரின் கைகளையே பார்த்தனர்.

மூன்றாவது தோற்பதற்கான பழக்கம். வெள்ளிக்கிழமைகளில் நேரமெடுத்து உண்மையான ஓட்டப் போட்டி நடந்தது. முதலிடம் முதலிடம்தான், கடைசி கடைசிதான். முடிவுக் கோட்டைத் தாண்டியவர் கடைசி ஓட்டக்காரர் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும். இரண்டாவதாக வந்தவர் முதல்வரின் நேரத்தை உரக்க அறிவிக்க வேண்டும். நடுவரின் முடிவில் ஐயம் இருந்தால் மாணவர் பொறுப்பாசிரியரிடம் மட்டும் சொல்வார். மேற்கொண்டு பேசுவது அவர் பொறுப்பு. சிவப்பு மாணவனுக்கு நீல மாணவனின் நேரத்தை அறிவிக்கும் நிலை ஒரேயொரு தடவை வந்தது. அவன் குரல் எழவில்லை. ஆசிரியர் மீண்டும் கேட்டார், அறிவித்தான்.

நான்காவது பெற்றோர் கூட்டம். அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ரொனால்ட் ஸ்மித், பிராங்க் ஸ்மோல் ஆகிய உளவியலாளர்கள் சிறுவர் பேஸ்போல் பயிற்றுநர்களிடையே நடத்தி 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அங்கே எடுத்துக்கூறப்பட்டது. ஊக்கமும் தெளிவான திருத்தமும் வழங்கப் பயிற்றப்பட்டவர்களின் அணிகள் மற்ற அணிகளைவிட அதிகமாக வெல்லவில்லை. ஆனால் அவ்வணிகளின் சிறுவர்கள் தம் பயிற்றுநரையும் சக வீரரையும் கூடுதலாக விரும்பினர். ஒரு தாய், “வெல்லாட்டி மறுகா என்ன பிரயோசனம்?” என்று நேரடியாகவே கேட்டார். நல்ல கேள்வி. வெறுப்போடு விலகும் பிள்ளை அடுத்த வருடம் ஓட வரமாட்டான், வராத பிள்ளை வெல்லவும் மாட்டான் என்று உடற்கல்வி ஆசிரியர் பதிலளித்தார். ஓட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் இடத்தைக் கேட்பதற்கு முன் தண்ணீர் குடித்தாயா என்று கேளுங்கள் என்பதும், பிள்ளைகளின் காணொளிகளைப் பெற்றோரின் அனுமதியின்றிப் பகிர வேண்டாம் என்பதும் கேட்டுக்கொள்ளப்பட்டன. சிவப்பு மாணவனின் தந்தை அக்கூட்டத்துக்கு வரவில்லை.

முழங்கால் பற்றிய முடிவு

வைத்தியசாலையில் நீல மாணவனுக்கு ஒஸ்குட்-ஷ்லாட்டர் எனப்படும் நிலை இருப்பதாகக் கூறப்பட்டது. முழங்காற் சில்லிலிருந்து வரும் தசைநாண் கணைக்கால் எலும்போடு சேரும் இடத்தில், எலும்பு வேகமாக வளரும் வயதில், ஓட்டமும் பாய்ச்சலும் திரும்பத் திரும்ப இழுப்பதால் ஏற்படும் நோவு இது. பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது தானே அடங்கிவிடும். பாய்ச்சல் நிகழ்ச்சிகளைக் குறைக்கவும், பயிற்சியின் பின் ஐஸ் வைக்கவும், தொடைத் தசைகளை நீட்டிப் பழகவும், வலி அனுமதிக்கும் அளவுக்கு மட்டும் ஓடவும் ஆலோசனை வழங்கப்பட்டது.

முப்பாய்ச்சலிலிருந்தும் நீளம் பாய்தலிலிருந்தும் அவனை அந்தப் பருவத்துக்கு முற்றாக விலக்குவது என்று முடிவாயிற்று. அவனுடைய தந்தை மைதானத்துக்கே வந்தார்.

“சேர், மாகாணம் போகக்கூடிய புள்ள. இந்த ஒரு வருசம் மட்டும் பாயட்டுமே. மருந்து போட்டுச் சமாளிப்பான்.”

“வலியை அமத்திப்போட்டுப் பாய்ஞ்சா, எவ்வளவு பழுதாகுது எண்டு அவனுக்கே தெரியாமப் போகும், அண்ணன். இன்னும் ரெண்டு மூண்டு வருசம் பாயக்கூடிய கால் அது,” என்றார் உடற்கல்வி ஆசிரியர்.

தந்தை மகனைப் பார்த்தார். “உனக்கு நோகுதா மனே?” என்று அவர் கேட்டது அதுவே முதல் தடவை என்று பின்னர் தாய் கூறினார். பையன் தலையாட்டினான். தந்தை உடன்பட்டாரா என்று உறுதியாகச் சொல்ல இயலாது, எதிர்க்காமல் போனார். அஞ்சலோட்டம் மட்டும், பயிற்சிக்கு முன் வலியைப் பூச்சியம் முதல் பத்து வரை அவனே மதிப்பிட்டுச் சொல்வது என்ற ஒழுங்கில், தொடர அனுமதிக்கப்பட்டது. நான்குக்கு மேல் சொன்னால் அன்று ஓட்டமில்லை. மறைக்காமல் சொன்னதற்காக அவன் இடம் பறிபோகாது என்பதை அணியின் முன்னிலையிலேயே ஆசிரியர் அறிவித்தார். அவ்வுறுதி இல்லாவிட்டால் எந்தப் பிள்ளையும் ஐந்து என்று சொல்லாது.

வலயப் போட்டி

போட்டி நடந்த நாட்களில் கச்சான் காற்று தொடங்கியிருந்தது. வரண்ட வெப்பக் காற்று. பத்து மணிக்கே நிலம் கொதித்தது. நிழலும் தண்ணீரும் முன்கூட்டியே ஒழுங்குசெய்யப்பட்டிருந்தன.

சிவப்பு மாணவன் 100 மீற்றரில் இரண்டாமிடம் பெற்றான். அஞ்சலோட்டத்தில் எமது அணி மூன்றாவதாக வந்தது. மாகாணப் போட்டிக்குத் தெரிவாகவில்லை. மூன்றாவது மாற்றம் அன்றைய தினத்தில் எமது அணியின் மிகச் சிறந்த மாற்றமாக அமைந்தது: சிவப்பு மாணவன் அடையாளத்தில் காலைக் கண்டதும் புறப்பட்டான், திரும்பவில்லை, குரல் வந்தது, கை நின்றது. இடத்தை இழந்தது முதலாவது மாற்றத்தில். எல்லோருடைய கவனமும் மூன்றாவதிலேயே குவிந்திருந்ததால் அதன் பயிற்சி குறைந்துபோயிருந்தது. கழித்தல் கணக்கு ஒன்றரைச் செக்கனைத் தாண்டியது.

இரண்டாவதாக வந்த அணி வலயத்துக்கு வெளியே கோல் மாற்றியது என்று எமது பழைய மாணவர் இருவர் கூச்சலிட்டனர். பொறுப்பாசிரியர் அவ்விடத்து நடுவரிடம் சென்று கேட்டார். மாற்றம் முறையானதென்றே நடுவர் கொடி காட்டியிருந்தார். ஆட்சேபனை தெரிவிக்கப்படவில்லை. அணியினர் நால்வரும் அப்போது முடிவுக் கோட்டருகே நின்று, எட்டாவது அணி வரும்வரை காத்திருந்தனர். பழக்கப்படுத்தியதால் நின்றார்களா, மனமொப்பி நின்றார்களா என்று பிரித்துச் சொல்வது கடினம். அந்த வயதில் முதலாவதே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் பின்னர்

இரு மாணவர்களும் மீண்டும் பேசிக்கொள்கின்றனர். முன்னைய நெருக்கம் திரும்பவில்லை. இரண்டாம் சுற்றாளன் மெய்வல்லுநர் பயிற்சியை விட்டுக் கரப்பந்தாட்டத்துக்குப் போய்விட்டான். “இங்க கதை கூட, ஓட்டம் குறைவு” என்பது அவன் சொன்ன காரணம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. காணொளி இன்னும் முகநூலில் கிடக்கிறது. பதிவிட்டவரிடம் நீக்கும்படி கேட்டும் பயனில்லை.

இன்னொரு விடயத்தையும் பதிவுசெய்ய வேண்டும். ஆசிரியர்களின் கவனம் இரண்டு பையன்களைச் சுற்றியே நின்ற காலத்தில், 14 வயதுக்குட்பட்ட பிரிவில் ஓடிய ஒரு மாணவி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னர் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்தால் உடல் இலேசாக இருக்கும் என்று எவரோ சொன்னதைக் கேட்டுப் பட்டினியோடு ஓடியிருக்கிறாள். சக மாணவியின் தாய் சொல்லித்தான் அது தெரியவந்தது. கூடாரத்தைக் கிழிக்கும் கோபம் உடனே கவனம் பெறுகிறது. ஓசையின்றி உடலை வருத்திக்கொள்ளும் பயத்துக்கு அந்த வசதி கிடைப்பதில்லை. பெண் பிள்ளைகள் பலர் 14, 15 வயதோடு மைதானத்தை விட்டு விலகுவதற்கு ரியூஷன் வகுப்பை மட்டும் காரணம் காட்டுவது எமக்கு வசதியாக இருக்கிறது.

அடுத்த பருவத்தில் மாற வேண்டியவை

பாடசாலை அணியை இல்லப் போட்டிக்குப் பின்னர் தெரிவுசெய்யும் வழக்கம் மாற வேண்டும். முந்திய ஆண்டின் நேரங்களை வைத்து உத்தேச அணியை ஐப்பசியிலேயே கூட்டி, மழை தொடங்குமுன் சில வாரங்களாவது சேர்ந்து ஓடவிட்டால், இல்லப் போட்டியில் எதிரெதிரே நிற்பவர்கள் ஏற்கெனவே ஒரே அணியினராக இருப்பார்கள். மூன்று கோல் மாற்றங்களுக்கும் சம அளவு பயிற்சி நேரம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதை வலயப் போட்டி காட்டிவிட்டது.

ஆட்சேபனைக்கான ஒரு பக்கப் படிவம் தயாரிக்கப்பட்டுள்ளது. இல்லத் தலைவரோ பொறுப்பாசிரியரோ மட்டுமே அதில் ஒப்பமிடலாம். மூவர் கொண்ட குழு அன்றே தீர்ப்பளிக்கும். பழைய மாணவர்களுக்குக் கயிற்றுக்கு வெளியே தனி இடம் ஒதுக்கப்படும். ஒவ்வொரு தவணையிலும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் உயரம் அளந்து பதியப்படும்; குறுகிய காலத்தில் விரைவாக உயர்பவர்களின் பாய்ச்சல் பயிற்சி குறைக்கப்படும். காலைப் பயிற்சிக்கு வருவோர் சாப்பிட்டார்களா என்பதை ஆசிரியை ஒருவர் கேட்டறிவார்.

ஆரம்பப் பிரிவுச் சிறுவர் மெய்வல்லுநர் விளையாட்டில் பிள்ளைகள் குழுவாக ஓடிப் பாய்ந்து எறிந்து, குழுவாகவே புள்ளி பெறுகின்றனர். ஆறாம் தரத்துக்கு வந்ததும் அது திடீரென அறுந்து, தனியாள் இடங்களும் இல்லப் புள்ளிகளும் மட்டுமே எஞ்சுகின்றன. 12 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு வருடமாவது இரண்டு முறைகளையும் சேர்த்து நடத்திப் பார்க்க உடற்கல்வி ஆசிரியர் விரும்புகிறார். இல்லப் பொறுப்பாசிரியர்களுள் இருவர் இசைந்துள்ளனர்.

அஞ்சலோட்டத்தின் இரட்டைப் புள்ளியை நீக்கும் பிரேரணை வாக்கெடுப்பில் தோற்றது. கடைசி நிகழ்ச்சியாக அல்லாமல் மதிய இடைவேளைக்கு முன்னர் அதை நடத்துவது என்ற சமரசம் ஏற்கப்பட்டுள்ளது. இரு மாணவர்களும் வரும் பருவத்தில் 18 வயதுக்குட்பட்ட பிரிவில் ஓடுவார்கள். நீல மாணவன் முப்பாய்ச்சலுக்குத் திரும்புவது வைத்தியரின் அடுத்த பரிசோதனையின் பின்னரே தீர்மானிக்கப்படும்.